பொன்மணியின் புகார்

மல்லிகை ரெசிடென்சியில் எண்பத்து நான்கு வீடுகள். அந்த எண்பத்து நான்கில் எது ஒழுகினாலும், நாறினாலும், நின்றுபோனாலும், சத்தம் போட்டாலும் அந்தச் செய்தி முதலில் வந்து சேரும் இடம் பொன்மணியின் மேசை. சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகும் வழியில் இருக்கிறது குடியிருப்பு. கேட்டுக்கு உள்ளே வலதுபக்கம் பத்துக்குப் பத்து அறை, அதுதான் ஆபீஸ். மேசை, நாற்காலி, ஒரு ஃபேன், ஆபீஸ் செல்போன், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட புகார் நோட்டு. ஆறு வருடமாக அங்கே அவள் ஒருத்திதான்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். திரி வெட்டினாள், பெட்டி போட்டாள். முப்பது வயதுக்கு மேல் தபால் மூலம் பிளஸ் டூ முடித்து, சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், இந்த வேலையைப் பிடித்தாள். சேர்ந்த அன்று அவளுடைய அக்கா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒனக்கென்னடி இனிமே. ஃபேனுக்கு அடியில வேல. வெடிமருந்து இல்ல, தீ இல்ல."

அக்கா இன்னும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளிடம் போய், "எனக்கு வேலை கஷ்டமா இருக்கு" என்று எப்படிச் சொல்வது? புருசன் முத்துப்பாண்டி பட்டாசு லோடு வண்டி ஓட்டுகிறவன். சீசனில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டு வருவான். பொன்மணி முகம் வாடியிருந்தால் அவனும், "ஃபேனுக்கு அடியில உக்காந்தே இப்படின்னா எங்க பாடு என்னத்தச் சொல்ல" என்று சிரிப்பான். கிண்டலாகத்தான் சொல்வான். ஆனாலும் அவளுக்கு அதற்குமேல் வாய் வராது.

ஏ பிளாக்கில் ஒருத்தருக்கு மேல்வீட்டு கிரைண்டர் சத்தம். மேல்வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை. லிஃப்ட் கண்ணாடியில் யாரோ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மொட்டை மாடியில் மயில் வந்து வடகத்தைத் தின்கிறது. "கம்பெனியில வெடி டெஸ்ட் பண்ணுதாக, பிள்ள முழிச்சிக்கிடுது, நீங்க போன் போட்டுச் சொல்லுங்க" என்று ஒருவர் சொன்னார். அவரே சொந்தமாகப் பட்டாசு யூனிட் வைத்திருக்கிறவர்.

எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. "இந்தா பாத்துருதேங்க."

இத்தனை பேரிலும் அவள் அதிகம் பயந்தது பி-402 அக்தர் பேகத்துக்கு. ஐம்பத்திரண்டு வயது. குரலை உயர்த்தவே மாட்டார். புகாரை எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார். எழுதுகிற தாள் காலண்டர் அச்சடித்ததில் கழிந்த தாள். அதை அளவாக வெட்டி, பின்பக்கத்தில் ஊதா மையில், "நான்காவது மாடி, படிக்கட்டு விளக்கு, மாலை 6.40 முதல் எரியவில்லை. இது இந்த மாதத்தில் மூன்றாவது முறை" என்று எழுதியிருக்கும். திருப்பிப் பார்த்தால் லட்சுமியின் தாமரையில் பாதியோ முருகனின் வேலோ இருக்கும். சாமி படம் இருக்கிற தாளைக் குப்பையில் போட பொன்மணிக்கு மனசு வராது. அதனால் அந்தச் சீட்டுகள் மட்டும் மேசை டிராயரில் சேர்ந்துகொண்டே போயின. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் பேகத்தின் ஊதா எழுத்து அவளை முறைக்கும்.

இந்த வருடம் சித்திரை பிறந்ததிலிருந்தே அவளுக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. இடுப்பில் செருகிய போன் அடிக்காதபோதும் அடிப்பதுபோல் இருந்தது. சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போட மறந்தாள். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால், "இந்தா பாத்துருதேங்க" என்று உதடு முணுமுணுத்தது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை போர் மோட்டார் புகைந்து நின்றுபோனது. எலக்ட்ரீசியன் முனியராஜ் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"காயில் போயிருச்சுக்கா. கழட்டிக் கொண்டு போயித்தான் கட்டணும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்."

பொன்மணி தண்ணி லாரிக்குச் சொன்னாள். பத்து மணிக்கு வரவேண்டிய லாரி பன்னிரண்டாகியும் வரவில்லை. மாடியில் தொட்டி வற்றியது. அதற்குப் பிறகு போன் ஓயவே இல்லை. ஒன்றைப் பேசி முடித்து வைப்பதற்குள் அடுத்தது. நேரிலும் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றது ஏ-104 வேலுச்சாமி. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மோட்டார் போகும்னு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? சத்தம் மாறியிருக்கும்ல?"

"போன வாரமே சங்கத்துல சொன்னேன் சார். நோட்டுல கூட எழுதி..."

"எழுதிட்டா ஆச்சா? மேனேஜ்மென்ட்னா என்னன்னு தெரியணும். திரி வெட்டிக்கிட்டு இருந்தவங்களக் கொண்டாந்து சேர்ல உக்கார வச்சா இப்படித்தான்."

பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் அதைக் கேட்டார்கள். ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்க சார்" என்றாள் பொன்மணி. "இந்தா பாத்துருதேங்க."

நோட்டில் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை. பேனா மேசையில் விழுந்து உருண்டு தரைக்குப் போனது. குனிந்து எடுக்கப் போனவள் எடுக்காமலேயே எழுந்து, அவர்களைத் தாண்டி வெளியே நடந்தாள். லாரிக்காரனைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள்.

அவள் போனது பம்ப் ரூமுக்கு. மோட்டாரைக் கழற்றிக் கொண்டு போய்விட்டதால் அந்த அறை அன்று அமைதியாக இருந்தது. கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. கைகள் இரண்டையும் மடியில் போட்டு, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் போனதோ. வாசலில் நிழல் விழுந்தது. கையில் மடித்த காலண்டர் தாளோடு அக்தர் பேகம் நின்றார்.

பொன்மணி படக்கென்று எழுந்தாள். "இந்தா பாத்துருதேங்க."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்றார் பேகம்.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார். கொண்டுவந்த சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இங்கனயே உக்காரு. எந்திரிக்காத. போன் எங்க?"

"மேசையில கிடக்கு."

பேகம் போய்விட்டார். ஆபீசும் பம்ப் ரூமும் ஒரே சுவருக்கு இருபக்கம். ஜன்னல் வழியாக அவர் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமா, ஆபீஸ்தான். தண்ணி இல்ல, தெரியும். எத்தன மணியில இருந்து? பன்னெண்டா, பன்னெண்டரையா, சரியாச் சொல்லுங்க. வீட்ல எத்தன பேரு? கைக்கொழந்த இருக்கா? அப்பன்னா லாரி வந்ததும் மொத நாலு கொடம் உங்களுக்கு. ஆள விட்டுக் கொண்டாரச் சொல்லுதேன்."

அடுத்த போன்.

"ரெண்டே பேருதானே இருக்கீக? குளிச்சிட்டீகளா? சமச்சிட்டீகளா? பெறகு இப்ப தண்ணி எதுக்கு? கார் கழுவவா? நாளைக்குக் கழுவுங்க. கார் கோவிச்சுக்கிடாது."

பொன்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்தது. அப்போதுதான் கண்ணில் நீர் இறங்கியது.

வேலுச்சாமியின் குரல் கேட்டது. "அந்தம்மா எங்க? நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"அந்தம்மாவுக்கு அரைமணி நேரம் லீவு சார். லாரிக்காரன் திருத்தங்கல்ல நிக்கான், டயர் பஞ்சர். வேற லாரிக்குச் சொல்லியாச்சு. இன்னும் இருவது நிமிசத்துல வரும். வரலைன்னா இதே எடத்துல என்னைய வந்து திட்டுங்க. நான் எங்கயும் போகல."

வேலுச்சாமி ஏதோ முனகிக்கொண்டே போனார். லாரி இருபத்தைந்தாவது நிமிடத்தில் வந்தது.

கூட்டம் கலைந்து, தொட்டி நிறைந்து, மூன்று மணிக்கு மேல் பேகம் தன் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் டீயும் இரண்டு டம்ளரும் கொண்டுவந்தார். பொன்மணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேகம் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாயம்மா, நீங்க எப்படி அம்புட்டுப் பேரச் சமாளிச்சீக?"

"எங்க பிரஸ்ஸுல இருவத்திரெண்டு வருசம் கவுண்டர்ல உக்காந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரு மிஷின் பக்கம். ஆர்டர் எடுக்கது, திட்டு வாங்குறது எல்லாம் நான்." டீயை ஆற்றினார். "ஒரு வருசம் அஞ்சாயிரம் காலண்டர்ல ஒரு அமாவாசைய மறுநாள்ல அடிச்சுட்டோம். ஒரு நகைக்கடைக்காரரு. காலண்டர் எல்லாத்தையும் கட்டோட கொண்டாந்து என் மேசை மேல கொட்டிட்டு, எங்க குலத்தையே திட்டுனாரு. நான் 'சரிங்க, மாத்தித் தாரோம்'னு சொல்லிட்டே இருந்தேன். அவரு போனதும் பாத்ரூமுக்குள்ள போயி, கொழாயத் தொறந்துவிட்டு, அந்தச் சத்தத்துல அழுதேன்."

பொன்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பயலுக பிரஸ்ஸப் பாத்துக்கிடுதானுக. 'நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா'ன்னுட்டானுக. கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது. தப்பு எங்க இருக்குன்னுதான் தேடுது. அதான் ஒனக்குச் சீட்டா எழுதித் தள்ளுதேன். ஒனக்கு என்னயக் கண்டா ஆகாதுல்ல?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீக."

"பொய் சொல்லாத. சரி, நீ எங்க போயி அழுவ? பம்ப் ரூம்லதானா? ஏன், பாத்ரூமுக்குப் போக வேண்டியதுதானே?"

"பாத்ரூம் இருந்தாத்தானே போறதுக்கு" என்றாள் பொன்மணி. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

பேகம் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொல்லுத?"

"ஆபீசுக்கு பாத்ரூம் கிடையாதுக்கா. வாச்மேன்க பின்னாடி பொட்டல்ல போயிருவாக. நான் ரோட்டத் தாண்டி பெட்ரோல் பங்குக்குப் போவேன். அங்க கூட்டமா இருந்தா திரும்பி வந்துருவேன். அதுக்குள்ள இங்கன யாராச்சும் வந்து 'ஆபீஸ்ல ஆளே இல்ல'ன்னு போன் போட்டுருவாக."

"ஆறு வருசமாவா?"

"காலையில தண்ணி குடிக்காம வந்துட்டா சமாளிச்சுக்கிடலாம். ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டேன்."

"இங்க எண்பத்து நாலு வீடு இருக்கு. வீட்டுக்கு ரெண்டு."

"ஒரு தடவ முடியாம ஒரு வீட்ல கேட்டேன். விட்டாக. ஆனா நான் வெளிய வந்து செருப்ப மாட்டுறதுக்குள்ள உள்ள பினாயில் ஊத்திக் கழுவுற சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பெறகு யார்ட்டயும் கேக்கல."

பேகம் புகார் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். தரையில் கிடந்த பேனாவை எடுத்தார். வரிசையில் அடுத்த எண் 1147. தேதி போட்டார். புகார் செய்பவர் என்ற கட்டத்தில் 'பொன்மணி' என்று எழுதினார். வீட்டு எண் கட்டத்தில் 'ஆபீஸ்'.

"அக்கா, என்ன செய்யுதீக! வேண்டாம்க்கா!"

"சொல்லு. பாத்ரூம் ஒண்ணு. அடுத்து?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னு எழுத இதுல கட்டம் கிடையாது."

பொன்மணி வாசலைப் பார்த்தாள். வெயில் கேட்டுக் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டியிருக்கிறது. சாப்பிடும்போதும் போனை எடுக்கவேண்டியிருக்கிறது, எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று ஒரு புகார். வீட்டுக்குப் போன பிறகும் போன் வருகிறது. கடைசியாக ஒன்றைச் சொல்லத் தயங்கினாள்.

"எம்பேரு யாருக்கும் தெரியாதுக்கா. 'ஏய் ஆபீஸ்'னுதான் கூப்பிடுதாக. அது பரவாயில்ல. எழுதாதீக."

பேகம் அதையும் எழுதினார். தன் பெயரைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தாளக் கிழிச்சிருவோம்க்கா. கால்ல விழுதேன். வேல போயிரும்."

"நம்பர் போட்ட நோட்டு. கிழிக்கக் கூடாது" என்றார் பேகம். "பயப்படாத. போச்சுன்னா நானும் கூட நிப்பேன்."

அந்த வாரம் முழுக்கப் பொன்மணி சரியாகத் தூங்கவில்லை. முத்துப்பாண்டி லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவனிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. தீராத புகார்களைச் செயலாளர் நோட்டைப் பார்த்து வரிசையாக வாசிப்பது வழக்கம். செயலாளர் ஊர்க்காவலன் பேப்பர் ஏஜென்சி நடத்துகிறவர். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரம். வாசிப்பதும் அவசரமாகத்தான்.

"1143, பி-301, குளியலறைச் சுவரில் ஓதம். 1145, ஏ-202, லிஃப்ட் கதவு. 1147, புகார் செய்பவர் பொன்மணி, வீட்டு எண்..." நின்றார். "ஆபீஸ்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தூணோரம் நின்ற பொன்மணி சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊர்க்காவலன் முதல்முறையாக நிறுத்தி நிதானமாக வாசித்தார். கழிப்பறை இல்லாதது. தண்ணீர் குடிக்காமல் வருவது. ஊசி. பெட்ரோல் பங்க். பினாயில் சத்தம். விடுமுறை இல்லாதது. கடைசி வரியில் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. "பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இது பரவாயில்லை என்று புகார்தாரர் கூறுகிறார்."

வேலுச்சாமி எழுந்தார். "ஸ்டாஃப் புகார் குடியிருப்போர் நோட்டுல எப்படி வரலாம்? இதுக்கு ஒரு முறை இருக்குல்ல?"

"எழுதுனது நான், பி-402" என்றார் பேகம் உட்கார்ந்தபடியே. "நான் குடியிருக்க எடத்துல ஒரு பொம்பளைக்கு ஒண்ணுக்குப் போக வழியில்ல. அது எனக்குக் குறைதான். எழுதியிருக்கேன்."

வேலுச்சாமி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண்கள் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். ஏ-203 பாண்டிலட்சுமி. முப்பத்தைந்து வயது இருக்கும். கூட்டத்தில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பினாயில் ஊத்துனது நாந்தான்" என்றாள்.

முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல பெரியவுக பாத்துக்கிட்டு இருந்தாக. என்னமும் சொல்லுவாகன்னு ஊத்திட்டேன். அக்கா செருப்பு மாட்டுறது கதவு வழியாத் தெரிஞ்சுச்சு. கேட்டிருக்கும்னு அப்பவே தெரியும். அன்னைக்கே கீழ வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். கேக்கல." தூணோரம் பார்த்தாள். "பொன்மணியக்கா, மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுடைய முதுகைத் தடவினார்கள். பொன்மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. 'இந்தா பாத்துருதேங்க' என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பரவாயில்ல லட்சுமி, அழாதீக" என்றாள். அந்தக் குடியிருப்பில் ஒருத்தரை அவள் வீட்டு எண் நினைக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிடவில்லை. ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் கட்டும்போதே போட்ட ஒரு கழிப்பறை இருப்பதும், அதில் பெயிண்ட் டப்பாக்களை அடைத்துவைத்திருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அதைக் காலிசெய்து சரிபண்ண முடிவானது. சாயங்காலம் ஆறுக்கு மேல் அவசரம் தவிர வேறு எதற்கும் போன் கூடாது. வாரம் ஒருநாள் லீவு. "அன்னைக்கு யாரு ஆபீஸப் பாக்குறது?" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். பேகம் கையைத் தூக்கினார். சம்பளம் தருவதாக இருந்தால் வரமாட்டேன் என்றும் சொன்னார். வீட்டில் பயல்கள் கேட்டால் ரெஸ்ட் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவாராம். கூட்டம் சிரித்தது.

அன்று சாயங்காலம் முத்துப்பாண்டி ஊர் திரும்பினான். வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே விசயம் அவனுக்கு எட்டியிருந்தது. வாச்மேன் வழியில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உள்ளே வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். பொன்மணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கம்பெனியிலகூட கக்கூஸ் இருந்துச்சே" என்றான்.

"ஆமா."

"ஊசி போட்டப்பகூட சூடுன்னுதான எங்கிட்டச் சொன்ன?"

"சூடுன்னுதான் நானும் நெனச்சேன்."

"பொய்." அவன் பக்கத்தில் உட்கார்ந்து கீரைக்கட்டைப் பிரித்தான். தண்டும் இலையும் ஒன்றாகவே ஆய்ந்தான். அவள் திருத்தவில்லை. "நான்தான் ஒன் வாயக் கட்டிப்போட்டேன். ஃபேனு ஃபேனுன்னு சொல்லிச் சொல்லியே. நீ என்னத்தப் போயி எங்கிட்டச் சொல்லுவ?"

"நீங்க தீயோட கெடக்கீக. அக்கா தீயோட கெடக்கா. நான் சும்மா பேச்சு வாங்குறதப் போயி..."

"தீன்னா தள்ளி நிக்கலாம் பொன்மணி. பேச்சுக்கு எங்கிட்டுத் தள்ளி நிக்க?"

அவன் ஆய்ந்து போட்ட தண்டுகளை அவள் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

கழிப்பறை தயாராக எட்டு நாள் ஆனது. முனியராஜ் புதுக் கதவும் தாழ்ப்பாளும் போட்டுச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மறுநாள் காலை பதினொரு மணிக்கு வேலுச்சாமி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பொன்மணி எழுந்தாள்.

"எழுதிக்கங்க" என்றார்.

அவள் நோட்டைத் திறந்தாள்.

"ஜெனரேட்டர் பக்கத்துல, உங்க டாய்லெட்ல, கொழாய் சொட்டுது. நேத்துச் சாயங்காலம் நடக்கும்போது சத்தம் கேட்டுச்சு. புதுக் கொழாய் சொட்டக் கூடாது. வாஷர் சரியில்ல. அந்த முனியராஜக் கூப்பிட்டு இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க." கொஞ்சம் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சேர்த்தார். "புகார் செய்பவர் வேலுச்சாமி. பொன்மணி மேடத்துக்காகன்னு போட்டுக்கங்க."

சொன்ன கையோடு போய்விட்டார். பொன்மணி எழுதி முடித்துவிட்டு அந்த வரியை இரண்டுமுறை வாசித்தாள்.

புகார்கள் குறைந்துவிடவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மயில் வந்துகொண்டுதான் இருந்தது. பேகமும் சீட்டுக் கொண்டுவந்தார்; ஆனால் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து, தன் சீட்டைத் தானே நோட்டில் ஏற்றிவிட்டு, அடுத்து வருகிறவர்களின் புகாரையும் வாங்கிப் போட்டார். நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு அவள் இன்னும் ஆபீஸ்தான்.

முதல் லீவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இருக்கன்குடி கோயிலுக்குப் போய்வரலாம் என்றான் முத்துப்பாண்டி. ஆபீஸ் செல்போனை முந்தின நாளே பேகத்திடம் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது, "ஏதும்னா எங்க வீட்டுக்காரரு நம்பருக்கு..." என்று ஆரம்பித்தாள். "ஏதும் இருக்காது, போயிட்டு வா" என்றார் பேகம்.

கோயிலுக்கு விடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிவகாசி தாண்டும்வரை அவள் கை இரண்டுமுறை இடுப்புக்குப் போய்விட்டு வந்தது. முத்துப்பாண்டி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான். மூன்றாவது முறை அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் மொட்டையடிக்கப் போகிற பிள்ளைகள், மஞ்சள் சேலைகள், ஒரு பானைக்குள் பொங்கல் சாமான். யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். சாத்தூர் வருவதற்கு முன்னால் அவளுடைய தலை அவன் தோளில் சாய்ந்தது.

இருக்கன்குடியில் பஸ் நின்றது. குலவைச் சத்தத்தோடு எல்லோரும் இறங்கினார்கள். பொன்மணி அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து வந்தார். "கோயில் வந்துருச்சுண்ணே. எறங்கலையா?"

முத்துப்பாண்டி குரலைத் தாழ்த்தினான். "அசந்து தூங்குதுண்ணே. ரொம்ப நாளாச்சு இப்படித் தூங்கி. வண்டி திரும்ப எம்புட்டு நேரமாகும்?"

"இருவது நிமிசம் ஆகும்."

"அதுவரைக்கும் இருந்துக்கிடட்டுமா?"

கண்டக்டர் அவளைக் குனிந்து பார்த்தார். முன்னால் போய், "அண்ணே, ஹாரன் அடிச்சிராதீக" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக டீ குடிக்க இறங்கிப் போனார்கள்.

வெளியே மேளம் கேட்டது. ஜன்னல் வழியாக வெயில் அவளுடைய கன்னத்தில் விழுந்தது. முத்துப்பாண்டி தோளை அசைக்காமல், இன்னொரு கையை மெல்ல நீட்டி, ஷட்டரைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டான்.